வேறு ஆள் கேட்ட தாய்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்தால் லேசில் போகாது. இதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. கோபப்பட வேண்டிய இடத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவர்களைக் கண்டால் அவர்கள் மேலும் கோபம் வரும். ஆனால் நியாயம் என்று நினைத்து நான் பட்ட ஒரு கோபம், ஒரு தாய்க்கும் அவள் மகளுக்கும் நடுவில் மூன்றரை வருடம் நந்தி மாதிரிக் குறுக்கே கிடந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன். இந்த முறை அதில் பெரும்பங்கு என் மேல்.

2009இல் மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில், அகதிகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்தேன். வீடு வெரிபீயில். வருபவர்களின் கதையைக் கேட்டு ஆங்கிலத்தில் வாக்குமூலமாக எழுதுவது என் பொறுப்பு. வழக்கறிஞர் கடைசியில் படித்துப் பார்த்து அனுப்புவார்.

அந்த வருடம் மே மாதம் எங்கள் நாட்டில் சண்டை முடிந்தது. முடிந்த விதம் எல்லோருக்கும் தெரியும். கடற்கரையில் அகப்பட்டவர்களில் என் பெரியம்மாவின் குடும்பமும் இருந்தது. நாங்கள் நகரத்துக்குள் பதாகை பிடித்துக் கத்திக்கொண்டு நின்றோம். டிராமில் போனவர்கள் ஜன்னலால் பார்த்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல். எங்கள் சனம் அழிந்ததற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். என்னிடமும் ஒன்று இருந்தது: பதுங்குகுழிக்குள் இறங்கும்போதும் பக்கத்தில் இருப்பவன் என்ன சாதி என்று பார்த்த சனம் நாங்கள்.

அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஊரில் எங்களுக்குத் தனிக் கிணறு. நல்ல தண்ணீர் இருந்த கிணறுகளில் எங்கள் வாளி இறங்கக்கூடாது. அம்மா கூலி வேலைக்குப் போன வீடுகளில் அவருக்குத் தேநீர் கொடுக்கவென்று ஒரு தகரப் பேணி வேலியோரம் கவிழ்ந்து கிடக்கும். குடித்த பிறகு அம்மாவே அதைக் கழுவி மறுபடி கவிழ்க்க வேண்டும். நான் படித்து, கல்யாணம் கட்டி, கடல் கடந்து வந்த பிறகு பேணி இல்லாமல் போனது, கேள்வி வந்தது. கோயிலில், கல்யாண வீட்டில், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில், யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்பார்: "தங்கச்சி ஊரில எவடம்?" யாழ்ப்பாணம் என்பேன். "யாழ்ப்பாணம் பெரிசெல்லோ. எந்தக் கோயிலடி?" கோயிலைச் சொன்னால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் மற்றதெல்லாம் தெரியும். நான் இரண்டாவது கேள்விக்கு மறுமொழி சொல்வதில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர்களாகவே கதையை மாற்றுவார்கள்.

அந்தச் சோமாலியப் பெண் அந்த வருடக் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். வயது முப்பத்தைந்துக்குள். விமானத்தில் வந்து இறங்கி அடைக்கலம் கேட்டவள். கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். பஸ்சுக்கும் கடைக்கும் போதுமான ஆங்கிலம், வாக்குமூலத்துக்குப் போதாது. ஒரு சோமாலி மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்தேன். வரப்போகும் மொழிபெயர்ப்பாளரின் பெயரை விண்ணப்பதாரருக்கு முதல்நாளே தொலைபேசியில் சொல்லிவிடுவது எங்கள் நடைமுறை. சொன்னேன். அரை மணித்தியாலத்தில் அவள் திருப்பி அழைத்தாள்.

எங்களுக்குள் நடந்த பேச்சு ஆங்கிலத்தில்தான். என் காதில் எல்லாம் எங்கள் தமிழாக விழுந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"இந்த ஆள் வேண்டாம். வேற ஆள் தாங்கோ."

ஏன் என்று கேட்டேன்.

"அவற்ற குடும்பம், என்ர குடும்பம், சரிவராது."

எனக்கு அது போதுமாக இருந்தது. சோமாலியர்களிடம் குலங்கள் உண்டு என்று ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தேன். உடனே வேலியோரத்துப் பேணிதான் கண்ணில் வந்தது. அகதியாக வந்து நிற்கிற இடத்திலும் ஆள் என்ன குலம் என்று பார்க்கிறாளே என்று வயிறு எரிந்தது. "அவரும் சோமாலி, நீங்களும் சோமாலி. ஒரே பாஷை, ஒரே சமயம். இந்த ஒபிசில நாங்கள் குலம் கோத்திரம் பார்க்கிறேல்லை" என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகு உடம்பில் ஒரு தெம்பு வந்தது. முப்பது வருடமாகச் சொல்ல நினைத்ததை ஒருவழியாக யாருக்கோ சொல்லிவிட்ட தெம்பு.

அடுத்த நாள் அலுவலக வாசலில் வைத்து இரண்டாம் தரம் கேட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் கையை எடுத்துவிட்டேன். உள்ளே போய் மூன்று பேரும் இருந்த பிறகு, மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்து, உடைந்த ஆங்கிலத்தில் மூன்றாம் தரம் கேட்டாள். அந்த மனிதருக்கு முன்னாலேயே கேட்டதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அறுபதைத் தொட்டவர், ஊரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர், இங்கே டாக்ஸி ஓட்டிக்கொண்டு இந்த வேலையும் பார்த்தவர். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவமானத்தில் குனிந்தார் என்று நான் முடிவு செய்தேன்.

வாக்குமூலம் தொடங்கியது. பெயர், பிறந்த இடம், கணவரின் பெயர். கணவர் மொகதிஷுவில் ஷெல் விழுந்து செத்தவர். பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன்.

"இல்லை" என்றாள்.

கடைசியில் ஒரு வழமையான கேள்வி இருக்கிறது: இந்த மொழிபெயர்ப்பாளர் குறித்து உங்களுக்கு ஆட்சேபனை ஏதும் உண்டா? அதையும் கேட்டேன். அந்த மொழிபெயர்ப்பாளரே அதைச் சோமாலியில் அவளிடம் கேட்டார். அவள் இல்லை என்றாள். அவரே அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். இந்தக் கேள்வியை இப்படிக் கேட்பதில் உள்ள கூத்து அன்றைக்கு என் மரமண்டையில் ஏறவில்லை. விண்ணப்பதாரருக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதி, ஆட்சேபிக்கக் காரணமும் இல்லை என்று என் கைச்சரக்காக ஒரு வரி சேர்த்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

போகும்போது மொழிபெயர்ப்பாளர் நடைபாதையில் நின்று, "சிஸ்டர், அடுத்த தரம் இப்பிடி ஆராவது கேட்டால், சிட்னியில இருந்து போனில ஒராளை எடுங்கோ" என்றார்.

"நீங்கள் மனம் நோகாதேயுங்கோ. உந்தப் பழக்கத்துக்கெல்லாம் இங்க நான் இடம் குடுக்கிறேல்லை" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அறைக்குள் கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது அவர்கள் தொழிலின் சட்டம். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வருடம் நடுப்பகுதியில் அவளுக்கு விசா கிடைத்தது. இரண்டு கிழமை கழித்து வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை, பன்னிரண்டு வயதிருக்கும். "என்ர மகள். நைரோபியில. கூப்பிட வேணும்" என்றாள்.

நான் கத்திவிட்டேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. விசா கிடைப்பதற்கு முன் சொல்லாத பிள்ளையைப் பிறகு கூப்பிடுவது கல்லில் நார் உரிக்கிற வேலை. பிள்ளை இல்லை என்று என் முன்னால் சொல்லி, கையெழுத்தும் போட்டுவிட்டு, இப்போது பிள்ளையோடு வந்து நின்றால் நான் என்ன செய்வது? ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவள் சொல்ல முயன்ற ஆங்கிலம் போதவில்லை. போனை எடுத்து, கைக்குக் கிடைத்த சோமாலி மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தேன். சிட்னியில் இருந்த ஒரு பெண். தன் குலம் தெரியாமலிருக்க, பெயரைச் சொல்லாமல் தன் மொழிபெயர்ப்பாளர் எண்ணை மட்டும் சொன்னாள் அந்தப் பெண். அப்படி ஒரு வழி அத்தனை நாளும் என் மேசையில் இருந்த போனுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

என் முன்னால் இருந்தவள் பேசினாள். அவளுடைய தம்பியை, 1991இல் அரசாங்கம் விழுந்தபோது, ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தி, தகப்பன், பாட்டன், பூட்டன் என்று பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். அங்கே ஆண்பிள்ளைகள் பேசத் தொடங்கும் வயதிலேயே மூதாதையர் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். ஆறாவது பெயரில் அவன் என்ன குலம் என்று தெரிந்துவிட்டது. சுட்டுவிட்டார்கள். பிறகு, சுட்டவர்களுடைய குலத்திலேயே ஒருவன் இவளையும் இவள் தாயையும் தன் வீட்டில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினான். அவனைத்தான் கல்யாணம் கட்டினாள். அவன் செத்த பிறகு அவனுடைய தமையன் வந்தான். இறந்தவனின் மனைவியைச் சகோதரன் கட்டுவது அவர்களிடம் ஒரு வழக்கம். வேண்டாம் என்றால் நீ போகலாம், பிள்ளை எங்கள் பிள்ளை என்றான். பிள்ளை தகப்பன் குலம். அதற்கு மேல் அங்கே வழக்கே இல்லை. இவள் மகளைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி, நைரோபியில் தன் சகோதரியிடம் விட்டுவிட்டு இங்கே வந்தாள். அங்கேயும் கணவனுடைய ஆட்கள் மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தார்கள். நான் அமர்த்திய மொழிபெயர்ப்பாளர் அந்தக் குலம். அவர் காதில் விழுந்தால், அவர் நல்லவரோ கெட்டவரோ, ஒரு போன் பேச்சில் மகள் போய்விடுவாள்.

"இதை ஏன் அப்பவே எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். இன்னும் கோபமாகத்தான் கேட்டேன்.

மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் சார்பில் பேசுவதில்லை. மற்றவர் சொல்வதை 'நான்' என்றே சொல்வார்கள். சிட்னிப் பெண்ணின் குரல் போனில் சொன்னது: "நான் உங்களிட்ட மூண்டு தரம் கேட்டனான்."

விண்ணப்பம் போட்டோம். 2011 ஓகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை நிராகரிப்புக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் தனக்குப் பிள்ளைகள் இல்லை என்று தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் மூலம் கூறியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் குறித்து ஆட்சேபனை இல்லை என்றும், ஆட்சேபிக்கக் காரணமில்லை என்றும் வாக்குமூலத்திலேயே உள்ளது. என் கைச்சரக்கு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோவில்லில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போக வேண்டியிருந்தது. என் கணவரின் வேலையிடத்து நண்பர் வீடு. வாசலில் ஒரு அங்கிள், பெரிய எஞ்சினியர், என்னைப் பிடித்து வழமையான கேள்வியைக் கேட்டார். வழமைபோல் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சாப்பாடு. ஹோலில் டிவி ஓடியது. அந்த வருடம் சோமாலியாவில் பஞ்சம். எலும்பும் தோலுமான பிள்ளைகளை நாங்கள் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம்.

"உதுகளுக்கு ஆர் என்ன செய்யேலும்? குலம் குலமா வெட்டிக் கொத்திச் சாகிற சனம். ஆதி காலத்தில இருந்தே உப்பிடித்தான்" என்றார் அங்கிள். "எங்கட பிரச்சினை அரசியல். நாங்கள் படிச்ச சனம்."

"அங்கிள், வாசலில வச்சு நீங்கள் என்னட்டக் கேட்டது அரசியலோ?" என்று கேட்டேன்.

அவருடைய மனைவி எனக்கு இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார். என் கணவர் சட்டைப்பையில் கார்த் திறப்பைத் தேடத் தொடங்கினார். ரோவில்லிலிருந்து வெரிபீக்கு நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட வேண்டும். பாதி வழிவரை அங்கிளைத் திட்டிக்கொண்டு வந்தேன். பாலம் ஏறும்போது வாய் நின்றுவிட்டது. அவர் சொன்னதில் எனக்கு எது புதிது? அந்தப் பெண் போனில் வேறு ஆள் கேட்டபோது நானும் இதைத்தான் நினைத்தேன்: இந்தச் சனத்தின் பழைய வியாதி. அவர் நினைத்துவிட்டுப் புட்டுச் சாப்பிட்டார். நான் நினைத்துவிட்டு வாக்குமூலம் எழுதினேன்.

அடுத்த கிழமை அந்த மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்தேன். அவர் ஃபுட்ஸ்கிரேயில் ஒரு சோமாலித் தேநீர்க் கடைக்கு வரச் சொன்னார். ஏலக்காயும் கறுவாப்பட்டையும் போட்ட இனிப்புத் தேநீர். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேச அவருக்கும் உரிமையில்லை, எனக்கும் உரிமையில்லை. அதனால் பொதுவாகக் கேட்டேன்: உங்கள் நாட்டில் என்னதான் நடந்தது? ஆதி காலத்துப் பகையா?

அவருக்குக் கோபம் வந்தது. அந்த மனிதருக்கும் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"ஆதி காலமோ? சிஸ்டர், என்ர வாப்பா ஒட்டகம் மேய்ச்சவர். அவருக்குப் பொலிஸ் இல்லை, கோர்ட்டு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. குலம்தான் எல்லாம். எங்கட ஆள் ஒருத்தன் மற்றக் குலத்தில ஒருத்தனைக் கொலை செய்தால், நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒட்டகம் குடுத்துத் தீர்ப்பம். ஒருத்தன்ர கோபத்துக்கு முழுக் குலமும் பொறுப்பு எண்டபடியால, கிழவங்கள் இளசுகளை அடக்கி வச்சவங்கள். சண்டை வரும், பேசி முடிப்பம், மழை வர எல்லாரும் மேயப் போவம்."

பிறகு வெள்ளைக்காரர்கள் வந்து அந்த மேய்ச்சல் நிலத்தை ஐந்தாகக் கிழித்த கதையைச் சொன்னார். இரண்டு துண்டு ஒட்டி ஒரு நாடானது. மற்றத் துண்டுகளை மீட்கப் போகிறோம் என்று சொல்லித்தான் அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஆயுதம் வாங்கினார்கள். 1969இல் ஒரு இராணுவத் தளபதி ஆட்சியைப் பிடித்தார். குலத்தை ஒழித்துவிட்டோம் என்று அறிவித்து, குலத்துக்கு ஒரு கொடும்பாவி செய்து ஊர் ஊராகப் புதைத்தார்கள். இந்த ஆசிரியரும் தன் மாணவர்களோடு போய் நின்று கைதட்டியிருக்கிறார்.

"நான் அதை நம்பினனான். என்ன குலம் எண்டு கேட்டால் பிடிச்சு மறியலில போடுவாங்கள். கேக்கிறவையும் ரகசியமா, முந்தி என்ன குலமா இருந்தனீங்கள் எண்டு கேப்பினம். ஆனா மேல பார்த்தால் தளபதியின்ர குலம், தாயின்ர குலம், மருமகன்ர குலம். எங்களை வாயைத் திறக்கக்கூடாது எண்டு போட்டு, அவர் எல்லாரையும் எண்ணி எண்ணி வச்சிருந்தார்."

எதியோப்பியாவோடு போருக்குப் போய்த் தோற்றார்கள். முதலில் ரஷ்யா ஆயுதம் கொடுத்தது, பிறகு அமெரிக்கா கொடுத்தது. தோற்ற பிறகு அந்த ஆயுதம் வீட்டுக்குள் திரும்பியது. ஒரு குலத்து அதிகாரிகள் சிலர் சதி செய்தார்கள் என்று, அந்தக் குலம் முழுவதினதும் தண்ணீர்த் தொட்டிகளை உடைத்தார்கள். வடக்கே ஒரு நகரத்தை, அதே நகரத்தின் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய விமானங்களே குண்டு போட்டு அழித்தன. ஒருவன் செய்ததற்கு அவன் குலத்தைக் கேட்பது பழைய வழக்கம். அதில் ஒட்டகம் கைமாறியது, கிழவர்கள் பேசினார்கள். அரசாங்கம் அதே வழக்கை விமானத்தோடு நடத்தியது. அதற்குப் பிறகு குலத்தை விட்டால் ஒதுங்க இடமில்லை என்று எல்லோரும் அதற்குள் ஓடினார்கள். தளபதி விழுந்தபோது, அவருடைய குலத்தில் பிறந்தார்கள் என்பதற்காக, அவரை ஒருநாளும் கண்ணால் கண்டிராத ஏழைகளையும் வெட்டினார்கள்.

"வெட்டினவங்களில எங்கட ஆக்களும் இருந்தவங்கள்" என்றார். "ஒருத்தரும் சுத்தமில்லை."

நான் பேணியின் கதையைச் சொன்னேன். அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், நான் எதை எதுவாக எடுத்துக்கொண்டேன் என்பதை மட்டும் சொன்னேன்.

"எங்களிலயும் கீழ எண்டு ஒதுக்கி வச்ச ஆக்கள் இருக்கினம். தோல் வேலை செய்யிறவை, இரும்படிக்கிறவை. அதுக்கு நாங்கள் வெட்கப்பட வேணும்" என்றார். "ஆனா அண்டைக்கு அறைக்குள்ள இருந்தது அது இல்லை, சிஸ்டர். அது பயம். அருவருப்புக்கும் பயத்துக்கும் முகம் ஒண்டு போலவோ இருக்கு?"

இல்லை. அம்மாவுக்குப் பேணி கொடுத்த வீட்டு மனுசிகளின் முகத்தில் ஒருநாளும் பயம் இருந்ததில்லை. எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். வேறு எவருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, சிட்னிப் பெண் மூலம், ஒரே ஒரு வழி இருக்கிறது என்றேன். அன்றைக்கு நடந்ததை அந்த மனிதரும் நானும் சத்தியக் கடதாசியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு அவருக்கு மகள் விஷயம் தெரிய வேண்டும். அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டு மாதம் வரவில்லை. திரும்பி வந்தபோது, அந்த ஆளைக் கூப்பிடு, முகத்தைப் பார்த்து நானே கேட்கிறேன் என்றாள்.

அவர் வந்தார். அவள் அவரிடம் சோமாலியில் ஏதோ கேட்டாள். அவர் நீளமாக மறுமொழி சொன்னார். அவள் மேசையில் கையால் அடித்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவரே எனக்குச் சொன்னார். அன்றைக்கு அவள் கணவரின் பெயரைத் தகப்பன் பெயரோடும் பாட்டன் பெயரோடும் சொன்னபோதே அவருக்குக் குடும்பம் தெரிந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளை உண்டென்பதும் தெரியும். பிள்ளை இல்லை என்று அவள் சொன்னபோது அது பொய்யென்று தெரிந்துகொண்டே ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு வருடமாகத் தன் மனைவிக்கும் சொல்லவில்லை.

இதைக் கேட்டு, அப்போது அவள் பயந்தது வீண்தானே என்று என் மேலதிகாரி சொன்னார். எனக்கு அவரை என்ன செய்யலாம் என்றிருந்தது. ஒரு மனிதர் நல்லவராக இருந்தது அவருடைய குணம். அது அவளுக்குத் தெரிய வழியே இருக்கவில்லை. தம்பியைச் சுட்டவர்களில் ஒருவரா, ஒளித்து வைத்தவரைப் போல ஒருவரா என்று பிள்ளையைப் பணயம் வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்களா?

அதே மேலதிகாரி நான் சத்தியக் கடதாசி எழுதக்கூடாது என்றும் சொன்னார். அலுவலகத்துக்குக் கெட்ட பெயராம். எழுதினேன். விண்ணப்பதாரர் வேறு ஆள் வேண்டும் என்று மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் மறுத்தவள் நான், காரணமில்லை என்ற வரி என் சொந்தச் சரக்கு. மொழிபெயர்ப்பாளரும் எழுதினார். அதோடு அவருக்கு அந்த வேலை கிடைப்பது குறைந்துபோனது. டாக்ஸி இருக்கிறதுதானே என்றார்.

புதிய வாக்குமூலத்துக்கு அவள் அவரையே கேட்டாள். இந்த முறை முழுவதையும் சொன்னாள். அவர் ஒவ்வொரு வரியையும் 'நான்' என்று சொன்னார். "அந்தக் குலத்துப் பொடியங்கள் என்ர தம்பியைச் சுட்டவங்கள்" என்று, தன் சொந்தக் குலத்தின் பெயரைத் தன் வாயால் எனக்குச் சொன்னார். குரல் ஒரு இடத்திலும் மாறவில்லை. நான் ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதினேன்.

அதன் பிறகு நைரோபியில் மகளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். டிஎன்ஏ பரிசோதனை செய்தார்கள். மேலும் ஒரு வருடம் இழுத்தடித்து 2013இல் விசா கொடுத்தார்கள். மகள் வந்து இறங்கியபோது பதினைந்து வயது.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சனிக்கிழமை மத்தியானம். சிறிய ஃபிளாட். தாய் குசினியில் சோறு இறக்கிக்கொண்டிருந்தாள். மகள் எனக்கு எதிரே கதிரையில் இருந்தாள். நைரோபிப் பள்ளிக்கூடத்தின் ஆங்கிலம், தெளிவாகப் பேசினாள். வந்த நாளிலிருந்து தாயோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை என்று எனக்குத் தெரியும்; தாய் போனில் சொல்லி அழுதிருந்தாள்.

"நைரோபியில ஒபிசர் என்னட்டக் கேட்டவர்" என்றாள் மகள். "உன்ர அம்மா தனக்குப் பிள்ளை இல்லை எண்டு சொல்லியிருக்கிறா, ஏன் எண்டு. அப்பதான் எனக்கு அது தெரியும். அதை எழுதினது நீங்களோ?"

ஓம் என்றேன்.

"அவ யோசிச்சுச் சொன்னவவோ, உடன சொன்னவவோ?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். "உடன சொன்னவ" என்றேன். "ஆனா அதுக்கு முதல் மூண்டு தரம் வேற ஆள் கேட்டவ. நான்தான் மாட்டன் எண்டு சொன்னனான்."

"ஏன்?"

அந்த ஏனுக்கு நான் மூன்று வருடமாக மறுமொழி தயார் செய்து வைத்திருந்தேன். எங்கள் கிணற்றைச் சொன்னேன். அம்மாவின் பேணியைச் சொன்னேன். எவடம் என்று கேட்கும் சனத்தைச் சொன்னேன். அந்த வருடம் மே மாதம் எங்களுக்கு நடந்ததைச் சொன்னேன். குலமும் சாதியும் ஒன்றென்று நான் பிழையாக விளங்கிக்கொண்டதைச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. தாய் குசினி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். மகள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டாள்.

"அப்ப, அண்டைக்கு நீங்கள் உங்களைப் பற்றித்தான் யோசிச்சுக்கொண்டு இருந்திருக்கிறீங்கள்" என்றாள்.

அவள் குரலில் கோபம்கூட இல்லை. குசினி வாசலில் நின்ற தாய்க்கு எவ்வளவு விளங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் ஓம் என்றேன்.